பன்னிரண்டில் நான்கு

போன சனிக்கிழமை காலை. அண்ணன் காரோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். அம்மாவின் பை கட்டித் தயாராக இருக்கிறது. அம்மாவைத்தான் காணோம்.

மாடியில் இருந்தாள். தொட்டியில் நாலு இலை விட்டிருந்த பீர்க்கங்கொடிக்குச் சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பலாமாம்மா? வெயில் ஏறுது."

"நீ போப்பா. இது காய்ச்சப்புறம் வாரேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கொடியைப் பார்த்தேன்.

நாங்கள் மூன்று பேர். அண்ணன் நாகமலை புதுக்கோட்டையில், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் விளாங்குடி. தங்கை செல்வி டி. கல்லுப்பட்டியில். அப்பா இறந்த பிறகு அம்மாவை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். 'முறை' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது... ஆனாலும் எத்தனை வீடுகளில் இதுதான் நடக்கிறது, இல்லையா?

முதலில் ஒவ்வொரு வீட்டிலும் சேர்ந்தாற்போல் நான்கு மாதம். பன்னிரண்டில் நான்கு. நன்றாகத்தான் போனது. ஆனால் அந்த நான்கு மாதமும் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வெளியூர்க் கல்யாணத்துக்கும் போக முடியாது. அம்மாவைத் தனியாக விட முடியாதே.

கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணன் தீர்வு சொன்னார்.

"நாலு, பன்னெண்டு, ரெண்டையும் நாலால வகுத்துப் பாரு. மூணுல ஒண்ணு. அப்ப மூணு மாசத்துக்கு ஒரு மாசம். யாருக்கும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

பின்னத்தைச் சுருக்காமல் விட்டால் விடை சரியாக இருந்தாலும் அரை மார்க் குறைக்கிற மனிதர் அவர். நானும் செல்வியும் தலையாட்டினோம். கணக்கில் பிழை இல்லை. இப்போதும் இல்லை.

ஆனால் அம்மா பையைப் பிரிப்பதை விட்டுவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி கட்டத்தானே வேண்டும்? கண்ணாடி நாகமலையில் இருக்கும், அம்மா கல்லுப்பட்டியில் இருப்பாள். முன்பெல்லாம் எங்கள் சர்ச்சில் பக்கத்து பெஞ்சுப் பெண்கள், "போன வாரம் ஏன் காணோம்?" என்று அவளைக் கேட்பார்கள். இப்போது, "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?" என்கிறார்கள். ஒரே அம்மா... கேள்விதான் மாறிவிட்டது.

போகிற வீட்டிலெல்லாம் அவள் பீர்க்கு விதை போடுவாள். நான்கு மாதத்தில் கொடி ஏறி, மஞ்சளாய்ப் பூத்து, காயை அவளே பறித்துத் துவையல் அரைப்பாள். ஒரு மாதத்தில்? நாலு இலை. அடுத்த முறை வரும்போது கொடி காய்ந்திருக்கும். இல்லையென்றால் காயை நாங்கள் பறித்துத் தின்றிருப்போம். இரண்டுமே நடந்திருக்கிறது.

மாடியில் அண்ணன் பொறுமையாக விளக்கினார். "பன்னெண்டுல நாலும் மூணுல ஒண்ணும் ஒண்ணுதாம்மா. வருஷக் கடைசியில கூட்டிப் பாரு, ஒரே அளவுதான் வரும்."

அம்மா முடிச்சை இறுக்கினாள். "ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்பப் பழையபடி பன்னெண்டுல நாலாவே இருக்கட்டும். ஒனக்கு என்ன நட்டம்?"

வகுப்பில் எந்தப் பிள்ளையும் அண்ணனிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

செல்வியை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம். நடந்ததைச் சொன்னதும் சிரித்தாள். "சுருக்குனவரே விரிக்கட்டும்க்கா."

"வெளியூர் போறதுக்கு என்ன பண்ணுவ? அதச் சொல்லு," என்றார் அண்ணன்.

"நீங்க போற அன்னைக்கு நான் அங்க வந்து படுத்துக்கிறேன். நான் போனா நீங்க இங்க வாங்க. நமக்குத்தான் கால் நல்லா இருக்குல்லண்ணே? அம்மா மட்டும் எதுக்குப் பையத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

அண்ணனுக்கும் எனக்கும் இது இத்தனை நாள் தோன்றவில்லை.

அம்மா இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவே இல்லை. மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, "என்ன முடிவு பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு மாசம்," என்றார் அண்ணன்.

கீழே இறங்கி வந்தவள் பையைப் பிரித்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினாள். கடைசியில் காலிப் பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அண்ணன் ஒரு காபி குடித்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார்.

பின்னத்தைச் சுருக்கினால் மதிப்பு மாறாது என்பது சரிதான். மதிப்பு மட்டும்தான் மாறாது.