நல்லா எழுதியிருக்காரு

இன்று புக்கிட் காத்திலில் வீடியோ கேம் கடைக்குப் போனேன். நான் விளையாடி வெறுத்த மல்யுத்த கேம் அங்கே இருந்தது. கையில் எடுத்தேன்.

"தம்பிக்கா வாங்குற, தங்கச்சி? வேணாம்லா. ஒருத்தன் விமர்சனம் எழுதியிருக்கான், கேளு." கடைக்கார அண்ணன் கைப்பேசியில் வாசித்தார்.

"அடி விழும் முன்பே ஆள் விழுகிறான். பெண்கள் மோதினால் மட்டும் கூட்டம் கைதட்ட மறந்துவிடுகிறது."

நான் எழுதியது. கூச்சத்தில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டிருந்தேன்.

"பய எப்படி எழுதியிருக்கான் பாத்தியா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமாண்ணே, நல்லா எழுதியிருக்காரு."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இருந்தும் 'நான்தான்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. இனி எத்தனை எழுதினாலும் அங்கே நான் 'அவரு'தான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது அண்ணனிடம் சொல்லிவிடுகிறீர்களா? என்னால் ஆகாது.