காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம்

பள்ளி வேனில் ஏற முடியவில்லை என்று மகள் சொன்ன காலையில் நான் அவளைத் திட்டினேன். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. முந்தைய வாரம் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று சம்பா அறுவடைக்கு இயந்திரம் வருகிறது. கணவர் குவைத்தில் இருந்ததால் வயலில் நான்தான் நிற்க வேண்டும்.

"நடிக்காத, ஏறு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டுக்கோட்டையில் டாக்டர் அவள் முழங்காலைச் சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் துள்ளவில்லை. "உடனே தஞ்சாவூர் போங்கம்மா. மூச்சு விடுறதுல சிரமம் வரலாம்" என்றார். ஆம்புலன்ஸ் ஒரத்தநாட்டைத் தாண்டும்போது தண்ணீர் கொடுத்தேன். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது.

மறுநாள் தொண்டைக்குள் குழாய் போட்டு மூச்சுக் கருவியில் வைத்தார்கள். "உடம்போட எதிர்ப்பு சக்தியே நரம்பத் தாக்குதுங்க. மருந்து போயிட்டிருக்கு. சரியாகிடும், ஆனா மெதுவாத்தான்" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

"எத்தன நாளு ஆகும்?"

"நாள் கணக்கு சொல்ல முடியாதும்மா."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலி. வயலிலிருந்து இயந்திர ஓட்டுநர் போன் செய்தார். "அக்கா, நெல்லு இன்னும் ஈரமாத்தான் இருக்கு. அறுக்கவா, ரெண்டு நாள் விடவா?" உங்க இஷ்டப்படி செய்யுங்க என்றேன். அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. கை, கால், கழுத்து எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அசைந்தது, இமை மூடித் திறந்தது. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை என்று நர்ஸ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆறாம் நாள் நான் உள்ளே போனபோது அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துவிட்டுக் கேட்டேன். வலிக்குதா? இரண்டு தடவை. தாகமா? இரண்டு தடவை. அப்பா வேணுமா? கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு தடவை. கண் மட்டும் படுக்கையின் கால்மாட்டுப் பக்கம் போய்ப் போய் வந்தது. குளிர்கிறதோ என்று போர்வையை இன்னும் நன்றாக இழுத்து மூடினேன். அழுகை கூடியது. "டைம் ஆச்சும்மா" என்றார் நர்ஸ்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே அழுகைதான். "எல்லாம் சரியாயிடும் தங்கம், நீ நடப்ப" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் என் விரலை அவள் கட்டைவிரல் அழுத்தியது. எறும்பு ஊர்ந்தது போல, அவ்வளவுதான். பிறகு தோள் அசைந்தது. ஒரு நாள் தானாக இருமினாள். நர்ஸ் அதைப் பெரிய சேதியாக வந்து சொன்னார். கருவியின் உதவியை அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று குறைத்தார்கள். ஒரு நாள் சளி கட்டி மறுபடியும் கூட்டினார்கள். பத்தொன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள்.

அன்று மாலை அவள் குரல் காற்றாகத்தான் வந்தது. காதை வாயருகே வைத்தேன்.

"அம்மா, என் கால எங்க வச்சிருக்காங்க?"

எனக்குப் புரியவில்லை. "என்னடா?"

"வெட்டிட்டாங்கல்ல. நீதான் அப்பாகிட்ட சொன்ன."

அப்போதுதான் நினைவு வந்தது. குழாய் போடுவதற்கு முன், அவள் தலைமாட்டில் நின்று கணவரிடம் போனில் அழுதேன். "மொதல்ல காலு போச்சுங்க, இப்ப கையும் போச்சு." எல்லோரும் சொல்வது போலத்தான் சொன்னேன். பதினேழு நாள் அவள் அதை நம்பிக்கொண்டு படுத்திருந்தாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸை அழைத்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். போர்வையை எடுத்தேன். இரண்டு பாதங்களும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. நகங்களில் பொங்கலுக்கு வைத்த மருதாணி, அடியில் கொஞ்சம் வெள்ளை விட்டு மேலேறியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்னுதுதானா?"

"ஒன்னுதுதான் தங்கம்."

"அப்ப ஏன் வரமாட்டேங்குது?"

பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று நர்ஸ் நேரம் ஆயிற்று என்று சொல்லவில்லை.

கால்தான் கடைசியாக வந்தது. நிற்க இரண்டு மாதம், பிடிக்காமல் நடக்க இன்னும் மூன்று மாதம். இப்போதும் இடது செருப்பு அடிக்கடி கழன்றுவிடுகிறது. நான் குனியப் போனால் "நானே போட்டுக்கறேன்" என்கிறாள். அதற்கு நேரம் பிடிக்கிறது.