பஞ்சு அமுங்கவில்லை

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. தையல் கம்பெனியில் அதை யாரும் உபயோகித்ததில்லை. அங்கே அவள் மீடியம்.

பெயர் வந்த விதம் இதுதான். கம்பெனியின் கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாக மெஷின்கள். ஒருத்தி நாள் முழுக்கக் காலர் தைப்பாள், இன்னொருத்தி நாள் முழுக்கப் பாக்கெட். கல்யாணத்துக்கு முன்பு இவளும் அங்கே காலர்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேல்தளத்திலிருந்து மாஸ்டர் இறங்கி வந்தார். காகிதத்தில் உடுப்பு வரைந்து வெட்டுகிறவர். கையில் ஒரு சட்டை. ஆர்டர் கொடுத்தவர்கள் நடுத்தர அளவு என்று எழுதி அனுப்பிய கணக்குப்படி தைத்தது. போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் இவள் மெஷின் அருகே நின்றார்.

சட்டை அவள்மேல் அப்படியே உட்கார்ந்தது. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை, ஓர் இழுப்பு இல்லை. இஸ்திரி போடுகிற அக்காவிடம் டேப்பைக் கொடுத்து அளக்கச் சொன்னார். அக்கா சொல்லச் சொல்ல மாஸ்டரின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"இவ பொண்ணு இல்லே, மீடியம்!"

அன்றைக்கே அவளை மேலே கூட்டிப் போய்விட்டார்கள். மாதிரி அறை சின்னது. மாஸ்டரின் நீள மேஜை, இஸ்திரி அக்காவின் பலகை, ஒரு மெஷின், ஒரு ஜன்னல். மாஸ்டர் வெட்டித் தருவதை அவள் தைப்பாள். காலர் முதல் கடைசிப் பொத்தான் வரை ஒரே கை. தைத்ததை அவளே போட்டுக்கொண்டு நிற்பாள். மாஸ்டர் சுற்றிவந்து பார்ப்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் கீழே ஆயிரக்கணக்கில் வெட்ட ஆரம்பிப்பார்கள். எந்த ஊரிலோ, எந்தக் கண்ணாடி முன்னாலோ, முகம் தெரியாத பெண்கள் தன் தோளையும் இடுப்பையும் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் கர்வமும்.

கர்ப்பமானபோது மாஸ்டருக்குத்தான் கவலை. அறையின் மூலையில் ஒரு பொம்மை இருந்தது. தலை இல்லை, கை இல்லை, ஒற்றைக் கால் கம்பி. யாருடைய அளவிலும் சேராத உடம்பு. வயிறு தெரிய ஆரம்பிக்குமுன்பே மாஸ்டர் பஞ்சு வைத்து, துணி சுற்றி, அந்தப் பொம்மையை அவளாக மாற்றினார். இஸ்திரி அக்கா அவளைத் தொட்டுத் தொட்டு அளவு சொன்னாள்.

"நீ போயிட்டு வர்ற வரைக்கும் உன் தங்கச்சி வேலை பாக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

"தங்கச்சிக்குத் தலையைக் காணோம் மாஸ்டர்."

"அதனாலதான் எதிர்த்துப் பேசமாட்டா."

குழந்தை பிறந்தது. பெண். அது தவழ்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியபோது, மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். பார்சல் எடை போடும் மேடையில் எல்லாரும் சேர்ந்து அவளை ஏற்றிவிட்டார்கள். முள் பழைய இடத்திலேயே நின்றது. கைதட்டினார்கள்.

"அப்படியே இருக்காப்பா. பெத்தவ மாதிரியா இருக்கா?" என்றாள் இஸ்திரி அக்கா.

அவளும் அப்படித்தான் நம்பினாள். முள் பொய் சொல்லுமா?

ஆனால் அன்று காலை செருப்புக் கடித்திருந்தது. பழைய செருப்பு, காலுக்குப் பழகிய செருப்பு. விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. பாவாடையின் கொக்கி பின்னாலிருந்து நடக்க நடக்கப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பி வைத்தாள், திரும்ப வந்தது. வீட்டில் படுக்கையை விட்டு எழும்போதெல்லாம் வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மேடு கிளம்பும். எழுந்து நின்றதும் ஒன்றும் தெரியாததுபோல் அடங்கிவிடும். கணவனிடம் காட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் புரியும் என்கிற ஆள்.

"வலிக்குதா?"

"இல்லே."

"அப்புறம் என்ன? ஓடுற வரைக்கும் கை வைக்கக்கூடாது."

"நான் என்ன லிஃப்டா?"

"லிஃப்டுன்னா உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன். கிண்டலா, ஒப்புதலா, அவளுக்குப் பிடிபடவில்லை.

மாமியாரிடம் கேட்டதற்கு, "நாலு பெத்தவ நான். என் பழைய உடம்பு எந்தப் பிள்ளைக்கு அப்புறம் போச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது. நீ ஒண்ணுக்கே தேடுறே" என்றாள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸிடமும் கேட்டாள். நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "குழந்தைக்கு இடம் வேணும்னு விலா எலும்பு விரியும். இடுப்பும் விரியும். பாதம்கூடப் பரவும். எடைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லே."

"பழையபடி ஆயிடுமா?"

"கொஞ்சம் ஆகும். கொஞ்சம் ஆகாது."

"எது ஆகும், எது ஆகாது?"

"அது ஆளுக்கு ஆள் மாறும். குழந்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

அழுகையில் அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

மாதிரி அறையில் அவள் போட்டுப் பார்த்த முதல் சட்டை மார்புக்குக் கீழே பிடித்தது. பொத்தான் போட்டாயிற்று, மூச்சு விடத்தான் வழியில்லை. மாஸ்டர் அப்போது அறையில் இல்லை. மீடியம் இல்லையென்றால் மாதிரி அறையில் அவளுக்கு என்ன வேலை? கீழே இறங்க வேண்டியதுதான். நாள் முழுக்கக் காலர். ஜன்னல் கிடையாது.

பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே விட்டிருந்த துணியில் துளி வெளியே தள்ளி மறுபடி தைத்தாள். இரண்டு பக்கமும் அரை விரல் பருமன், அவ்வளவுதான். போட்டுக்கொண்டாள். உட்கார்ந்தது. மாஸ்டர் வந்தார், சுற்றினார், தலையாட்டினார்.

இந்த ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த சட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாகவே ஓரத்தை ஒட்டித் தைத்துவிட்டது.

அவள் போட்டுப் பார்த்த சட்டையைப் பிறகு பொம்மைக்கும் போட்டுப் பார்ப்பது மாஸ்டரின் வழக்கம். போட்டார். விலாப் பக்கம் துணி தொளதொளவென்று நின்றது. காகிதத்தை அளந்தார். சரியாக இருந்தது. மறுபடி பொம்மையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தை அளந்தார்.

"மீடியம், இங்கே வா. உனக்குச் சரியா இருந்துச்சு இல்லே?"

"இருந்துச்சு மாஸ்டர்."

"இவளுக்கு ஏன் தொங்குது?"

அவள் வாய் திறக்குமுன் இஸ்திரி அக்கா சொன்னாள்: "பஞ்சு அமுங்கியிருக்கும் மாஸ்டர். என் தலையணையே ஒரு வருஷத்துல அப்பளம் ஆயிடுச்சு."

மாஸ்டருக்கு விடிந்துவிட்டது. பஞ்சு! உடம்பு மாறவில்லை, எடை மேடையே சாட்சி. காகிதம் மாறவில்லை. மீடியத்தின் தையல் எந்தக் காலத்திலும் பிசகியதில்லை. மிச்சம் இருப்பது பஞ்சுதான். துணியை அளக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. பொம்மையின் உறையைக் கழற்றிப் பஞ்சை வைத்து வைத்து அமுக்கினார். விலாவுக்குக் கொஞ்சம், இடுப்பின் இரு பக்கமும் கொஞ்சம், வயிற்றின் மேல் ஒரு மெல்லிய படலம். சட்டை சுருக்கமில்லாமல் உட்காரும்வரை விடவில்லை. பிறகு இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார்.

"இப்பதான் உன்னை மாதிரி இருக்கா."

அவள் பார்த்தாள். உண்மையிலேயே அவளைப் போலத்தான் இருந்தது. கண்ணாடியில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டிருந்தது இங்கே ஒற்றைக் காலில் தனியாக நின்றது. விலா இப்படி விரிந்திருக்கிறதா? இடுப்பு இங்கேயா தொடங்குகிறது? அசிங்கம் என்று சொல்ல முடியவில்லை. அழகு என்றும் சொல்ல முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் அதன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் தன் இடுப்பையும் தொட்டுப் பார்த்தாள். எது எதைப் பார்த்துச் செய்தது என்று ஒரு நிமிஷம் குழம்பிற்று.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. புது ஆர்டர் ஒன்று வந்தது. மாஸ்டர் பழைய காகிதத்தை ஒதுக்கிவிட்டு, பொம்மையின் மேலேயே துணியைப் போட்டு ஊசி குத்திப் புதுக் காகிதம் எடுத்தார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அது கீழே வெட்டுமேஜைக்குப் போகும். அவர் ஓரங்களைச் சீராக வெட்டிக்கொண்டிருந்தார். உற்சாகத்தில் சீட்டியடித்தார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு நடக்கிறது என்பது தெரிந்தது. யாருக்குத் தப்பு என்பதுதான் தெரியவில்லை. ஆயிரம் சட்டை தொளதொளவென்று போய்ச் சேரும், திரும்பி வரும், மாஸ்டர் தலை உருளும். அது ஒரு பக்கம். கடையில் மீடியம் என்று கேட்டு வாங்குகிறவர்களில் பிள்ளை பெற்றவளே இருக்கமாட்டாளா? அவளுக்கு இந்தச் சட்டை சரியாக இருக்குமே? இல்லை, அவளுக்கு வேறு எங்காவது விரிந்திருக்குமோ? ஆளுக்கு ஆள் என்று நர்ஸ் சொன்னாளே. யோசிக்க யோசிக்க நூல்கண்டு பூனை கையில் கிடைத்த மாதிரி ஆயிற்று.

"என்னடி, டப்பாவை வெறிச்சுப் பாக்கறே? உள்ளே யாராவது இருக்காங்களா?" என்றாள் இஸ்திரி அக்கா.

அவள் டப்பாவை மூடினாள். எழுந்து மேஜைக்குப் போனாள். காகிதச் சுருள் கட்டித் தயாராக இருந்தது.

"மாஸ்டர், பஞ்சு அமுங்கலே."

"என்ன?"

"பஞ்சு அமுங்கலே. நான்தான்."

அவர் சிரித்தார். "நீ அமுங்கிட்டியா?"

"விரிஞ்சுட்டேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "எடை அதேதானே?"

"அதேதான். அதுதான் எனக்கும் புரியலே."

மாஸ்டர் டேப்பை எடுத்து நீட்டினார். இஸ்திரி அக்கா அளந்தாள். பழைய நாள் போலவே சத்தமாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. மாஸ்டர் எழுந்துபோய், அவள் கடைசியாகத் தைத்த சட்டையை எடுத்து உள்பக்கம் திருப்பினார். பக்கத் தையலை விரலால் தடவினார். ஓரத்தில் துணியே மிச்சமில்லை.

"உடம்பு மாறினா மாறட்டும். என் உடம்பு மாறலியா? தலையில என்ன மிச்சம் இருக்கு பாரு" என்றார். பிறகு குரல் தணிந்தது. "தையலை ஏம்மா மாத்தினே?"

அவள் அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி நல்ல பக்கம் திருப்பினாள்.

"நான் காகிதத்தை அளந்தேன், பொம்மைக்குப் பஞ்சு வெச்சேன். துணியை அளக்கலே. ஏன் தெரியுமா? நீ தைச்சதுன்னு அளக்கலே."

கீழே போ என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் காகிதச் சுருளைப் பிரித்து மேஜையின் அடியில் தள்ளினார். வெகுநேரம் வழுக்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ பேசுவதுபோல, "போட்டுப் பாக்க வேற ஆள் பாத்துக்கலாம். தைக்க நீ இல்லாம யாரு இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான். கீழே போக வேண்டியதில்லை. ஜன்னல் அவளுக்குத்தான். இத்தனை நாள் பயந்தது நடக்கவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து எதுவும் இறங்கியதாகத் தெரியவில்லை. மன்னித்தாரா, தண்டித்தாரா? மீடியம் இல்லாமலேயே இந்த அறையில் இருக்கலாம் என்றால், தானே முதலிலேயே சொல்லியிருக்கலாமே. முதலிலேயே சொல்லியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?

மறுநாள் காலை கீழேயிருந்து ஒரு பெண் வந்தாள். காலர் தைக்கிறவள், புதிதாகச் சேர்ந்தவள். கழுத்து முதல் கால் வரை வெட்கம். மாஸ்டர் பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டே, "அந்தப் பொம்மைக்கு நான் கடைசியா வெச்ச பஞ்சை எடுத்துடு" என்றார் இவளிடம்.

உறையைக் கழற்றினாள். வயிற்றுப் படலம் முதலில் வந்தது, அப்புறம் இடுப்பு, அப்புறம் விலா. அடியில் பழைய பொம்மை. இதைத்தானே இவ்வளவு நாள் தேடினேன் என்று ஆவலோடு பார்த்தாள். அது யாரோ போலிருந்தது. இவ்வளவு ஒடுங்கியா இருந்தேன்? நினைவில் இருந்த பழைய உடம்பு இது இல்லை. இதுவும் இல்லையென்றால் அது எங்கே இருந்தது? பஞ்சு நிஜமாகவே அமுங்கிவிட்டதோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

கையில் பஞ்சு ஒரு குழந்தை அளவு சேர்ந்திருந்தது. எங்கே வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"கழிவு மூட்டையில போடு" என்றாள் இஸ்திரி அக்கா.

போடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

புதிய பெண்ணுக்குச் சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். நன்றாக உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் சுற்றிவந்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"மீடியம், அப்படியே கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

புதிய பெண் அசையாமல் நின்றாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

ஜன்னலோரத்தில் இவள் திரும்பினாள். மாஸ்டர் இவளைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். டேப் கழுத்தில் தொங்க, யாரைக் கூப்பிட்டோம் என்பது மறந்துபோனவர் போல் நின்றுவிட்டார்.