சவுரியம்மாளின் சாட்சி டாக்டர்

பத்தரை மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்டர் சம்பத் பதினொன்றேகால் ஆகியும் வரவில்லை. வேலூர் நுகர்வோர் நீதிமன்றத்து வராந்தாவில், வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, படியேறி வருகிற ஒவ்வொரு செருப்பையும் சவுரியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைவிடச் செருப்பைப் பார்ப்பது அவளுக்குச் சுலபம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையலைச் சோதிக்கிற செக்கராக இருந்தவள்.

"வருவாருக்கா. வாக்கு மாற மாட்டாரு," என்றாள் அவளுடைய வக்கீல் முபஷ்ஷிரா. மேல்விஷாரத்துப் பெண், வயது தன்னுடையதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும் என்று சவுரியம்மாளுக்குத் தோன்றும்.

அவர் வராமல் போய்விடுவாரோ என்பது ஒரு பயம். வந்து என்ன சொல்லிவிடுவாரோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்தப் பெரிய பயத்தை அவள் முபஷ்ஷிராவிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முன்கை எலும்பு முறிந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்தார்கள். மத்தியானத்திலிருந்தே கட்டுக்குள் கை வெந்தது. விரல்கள் வீங்கி நிறம் மாறின. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது உள்ளே சதை செத்துப்போயிருந்தது. இப்போது நான்கு விரல்களும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியே நிற்கின்றன. ஷூ தோலை இரண்டு கையாலும் மடித்துப் பார்க்க முடியாதவள் செக்கராக இருக்க முடியாது. டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற இடத்தில் அவளைப் போட்டுவிட்டார்கள்.

தப்பு நடந்தது என்று சொல்ல ஒரு டாக்டர் இல்லாமல் வழக்கு நிற்காது என்றாள் முபஷ்ஷிரா. ஊரில் மூன்று டாக்டர்களிடம் போனார்கள். மூவரும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அநியாயம்தாம்மா. ஆனா என்னைக் கையெழுத்து கேக்காத. நாளைக்கு அந்த டாக்டரு மூஞ்சில நான் முழிக்கணும்ல?" என்றார் ஒருவர். அவர்மேல் சவுரியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஒரே லைனில் தைக்கிறவர்கள் ஒருத்தி தையலை இன்னொருத்தி காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் கம்பெனியில் செக்கரை வேறு லைனிலிருந்து போடுவார்கள்.

வேறு லைனிலிருந்து கிடைத்தவர்தான் சம்பத். திருவண்ணாமலையில் எலும்பு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவளைப் பரிசோதித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு நர்ஸ் வந்து ஏதாவது கேட்டாங்களாம்மா?"

"வலி இருக்கான்னு கேட்டாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சவுரியம்மாள் சுவரைப் பார்த்தாள். "பரவால்ல சிஸ்டர்னு சொன்னேன்."

லைனில் வலிக்கிறது என்று சொல்பவளுக்கு சூப்பர்வைசர் கேட் பாஸ் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். யார் கேட்டாலும் வாய் அதைத்தான் சொல்லப் பழகியிருந்தது. நர்ஸிடமும் இரண்டு தடவை அப்படிச் சொன்னாள். மூன்றாவது தடவை அழுதாள். ஓர் ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் கேட்டு டாக்டர் சம்பத் தன் நோட்டில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். ஏழாவதோடு நின்றவள் அதை எப்படிப் படிப்பது?

பதினொன்றரைக்கு, இடது குதிகால் தேய்ந்த பழுப்புச் செருப்பு ஒன்று படியேறியது. "கண்ணமங்கலத்துகிட்ட பஸ் டயர் பஞ்சர்ம்மா," என்று மூச்சு வாங்கினார் டாக்டர் சம்பத்.

கூண்டில் ஏறியதும் தெளிவாகத்தான் பேசினார். வீக்கம் தெரிந்த உடனே கட்டைப் பிளந்து விட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு ஆஸ்பத்திரி வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"ரிட்டயர் ஆனப்புறம் மத்த டாக்டருங்க மேல குத்தம் சொல்றதுதான் உங்க பொழுதுபோக்கா சார்?"

"பேரப்பசங்களோட கேரம் ஆடுறதுதான் பொழுதுபோக்கு. இது பேஜாரு."

யாரோ சிரித்தார்கள். வக்கீல் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"நர்ஸ் நோட்டுல ரெண்டு இடத்துல 'வலி இல்லை'ன்னு இருக்கு. அது பொய்யா?"

"இல்லை. பரவால்லன்னு சொன்னதா அந்தம்மாவே என்கிட்ட சொன்னாங்க."

முபஷ்ஷிரா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சவுரியம்மாள் கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். "எனக்கு இது போதும்," என்று வக்கீல் உட்காரப் போனார்.

"நான் முடிக்கல," என்றார் டாக்டர். "விரல் என்ன நிறத்துல இருந்துச்சு, அசைஞ்சுதா, தொட்டா தெரிஞ்சுதா, அந்த நோட்டுல ஒரு வரி இல்ல. கட்டு போட்டுக்கிட்டவங்களைக் கேட்டா மட்டும் போதாது சார். விரலை நீட்டிப் பாக்கணும். நல்லா இருக்கேன்னு சொன்னாலும் பாக்கணும்."

பதினோரு வருஷத்தில் எந்தத் தையல்காரியிடமும் 'தையல் நல்லா இருக்கா' என்று சவுரியம்மாள் கேட்டதில்லை. கேட்டால் எல்லோரும் நல்லாத்தான் இருக்கு என்பார்கள். மடித்துப் பார்ப்பாள், பிசகு இருந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். பிசகு இங்கேதான் என்று அந்த அம்பை இந்த இரண்டு வருஷமும் தன் வாய்மேலேயே ஒட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

"கையைக் காட்டுங்கம்மா," என்றார் நீதிபதி.

முந்தானையை விலக்கி நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இப்ப வலி இருக்கா?"

'பர' என்பது வரை நாக்குக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்குங்க ஐயா. குளிர் நாள்ல ஜாஸ்தி."

தீர்ப்பு அடுத்த மாதம் பதினாலாம் தேதி என்றார்கள். முபஷ்ஷிரா கையைப் பிடித்து இழுத்தும் அவள் நகரவில்லை. தான் சொன்னதைத் தட்டச்சு செய்கிறவர் தட்டிவிட்டாரா என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.