விளிம்பில் நிற்கிற வேலை

பட்டறையில் எல்லோருக்கும் அவர் மலையண்ணன். ஆள் அப்படி. அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, சின்னச் சின்னப் படகு செய்கிற அந்த இடத்தில் வெல்டராகத்தான் சேர்ந்தார். முதலாளி இவருடைய மனைவிக்கு அண்ணன். குடியிருக்கும் வீடும் முதலாளியுடையதே. மனுஷன் மாட்டிக்கொள்ள இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒருநாள் படகு வாங்க வந்தவர், “இது கவிழாதுன்னு என்ன நிச்சயம்?” என்று இழுத்தார். முதலாளியின் பார்வை தங்கை புருஷனின் உடம்பில் வந்து நின்றது. “மாப்ளே, ஏறி அந்த ஓரத்துல நில்லுங்க.” நின்றார். படகு லேசாகச் சாய்ந்து அப்படியே நின்றது. வியாபாரம் முடிந்தது. அன்றோடு அவருடைய வெல்டிங்கும் முடிந்தது.

அதற்கப்புறம் பட்டறைக்குப் பின்னாலிருந்த குளத்தில், வருகிறவர்களுக்கெல்லாம் விளிம்பில் நின்று காட்டுவதே பிழைப்பு. நீச்சல் சுத்தமாக வராது. மிதவைச் சட்டை கேட்டால், “நீங்களே அதை மாட்டிக்கிட்டு நின்னா வாங்க வர்றவன் என்ன நினைப்பான்?” என்று முதலாளி வாயை அடைத்துவிடுவார்.

அடி கூராக உள்ள படகு, கால் வைத்ததும் ஆடும். ஆனால் சாயச் சாய எதிர்த்து நிற்கும். ஆடுகிற படகை எவன் வாங்குவான்? அதனால் இங்கே எல்லாம் தட்டை அடிதான். ஏறினால் தரை மாதிரி இருக்கும். விறைப்பாகத் தாங்கும், தாங்கும், ஓர் அளவுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டுவிடும். போதாக்குறைக்கு, வண்டியில் ஏற்றச் சுலபம் என்று புதுப் படகில் அகலத்தையும் குறைத்துவிட்டார்கள். தண்ணீர் விளிம்பைத் தொடப் பார்ப்பதை மலையண்ணன் தினமும் குனிந்து பார்த்தார்.

“மச்சான், இது பத்தாது. அகலம் கம்மி.”

“சாயலையே மாப்ளே!”

“சாயற வரைக்கும் சாயாது மச்சான்.”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வேறு வேலை பார்க்கட்டுமா என்று வீட்டில் கேட்டதற்கு, “வீட்டைக் காலி பண்ணிட்டு எங்க போறது?” என்றாள் மனைவி.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. வாயைக் கட்டினார். சாப்பாட்டைப் பாதியாக்கினார், காலையும் மாலையும் நடந்தார். சட்டை தொளதொளத்தது. ஒருநாள் வாங்க வந்தவர், “இவர் ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆளாத் தெரியலையே” என்று முகத்தைச் சுளித்தார். மலையண்ணனுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. நிற்கிற இடம் கருதி அடக்கிக்கொண்டார்.

“மச்சான், இனிமே நான் வெல்டிங்குக்கே போயிடறேனே?”

“பார்ப்போம், பார்ப்போம்.”

மறுநாள் காலை மனைவி ஒரு பனியனை நீட்டினாள். கனத்தது. உள்பக்கம் பை பையாகத் தைத்து ஈயத் தகடுகளை வைத்து, முதுகில் கட்ட நாடாவும் தைத்திருந்தாள்.

“தகடெல்லாம் அண்ணன் கொடுத்துவிட்டார். பழைய எடைக்குச் சரியா வருமாம். மேல சட்டை போட்டா வெளியில தெரியாது.”

அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிட அவமானமாக இருந்தது.

“தண்ணிக்குள்ள விழுந்தா?”

“அதான் கவிழாதுன்னு அண்ணனே சொல்றார்ல. திரும்புங்க.”

மாட்டிக்கொண்டு திரும்பினார். நாடாவை முதுகில் இழுத்து இறுக்கிக் கட்டினாள். கையைப் பின்னால் விட்டுத் துழாவிப் பார்த்தார். முடிச்சு எட்டவில்லை.