ஐஸை விட்டு எடுத்த குழாய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். கையில் ஐஸ் டப்பா இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. உயிருள்ள செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களோடு ஒளிரும் சாயத்தைப் பிணைப்பது அவள் வேலை. நோய் வந்த செல்லின் மேற்பரப்பு எப்படி மாறியிருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் பார்ப்போம். குளிரில் செல் அடங்கிக் கிடக்கும். சாயம் அதன் ஓரத்தில் வளையமாக நிற்கும். கொஞ்சம் சூடு பட்டால் போதும், மேலே ஒட்டியதை உள்ளே இழுத்து விழுங்கிவிடும். செய்த வேலையெல்லாம் பாழ். செல்கள் உள்ள குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது அரட்டை அடித்தால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அவள் கணவர் ரத்தப் புற்றுநோயில் படுத்தபோது தன் ரத்தத்தை எங்கள் ஆய்வுக்கே கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன என்னிடம், "இவ கை எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்மா. நெத்தியில வெச்சா காய்ச்சலே பயந்து ஓடிடும்," என்றார். அக்கா முறைத்தாள். "குடுத்த ரத்தத்தை வீணாக்கிடாதே. கடைசி சொட்டு வரைக்கும் பாத்துடு," என்று அவளிடம் சொன்னார்.

அவர் போன பிறகு ஃப்ரீசரில் அவருடைய செல்கள், உறைந்தும் உயிரோடு, ஒரே ஒரு குழாய் மிஞ்சியிருந்தன. அதையும் பார்த்தால்தான் அவர் கேட்டது முடியும். பார்த்துவிட்டால் கொட்டிவிட வேண்டும். அவரில் உயிரோடு எதுவும் மிஞ்சாது.

"வேற யாராவது செய்யட்டுமே," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

"நானே பாத்துக்கறேன் சார்."

செல்களை உருக்கி, கழுவி, சாயம் சேர்த்து ஐஸில் வைத்தாள். மிச்சச் சாயத்தைக் கழுவக் குழாயை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அதை அவள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

"அக்கா, ஐஸ்," என்றேன். அதற்குள் நேரம் கடந்திருந்தது.

நுண்ணோக்கியில் வளையம் இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புள்ளி புள்ளியாக ஒளி. தலைவர் பார்த்துவிட்டு, "இதைச் சேத்துக்க முடியாதும்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் கணவர் கேட்டதே ஒன்றுதான். அதுவும் அவள் கையாலேயே கெட்டுப்போனது.

அக்கா நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"செத்த செல் இப்படி உள்ளே இழுக்காதுல்ல?"

"இழுக்காதுக்கா."

"கை ஜில்லுன்னு இருக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு," என்றாள். "இன்னிக்குத்தான் அவருக்குச் சூடா இருந்திருக்கு."