தேய்ந்த எழுத்தில் ஒரு பெயர்

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். சென்னையில் டிசைனர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவள், கும்மிடிப்பூண்டி பிரஸ்காரரின் கொழுத்த எழுத்தில் அடிக்க விடுவேனா? எனக்குப் பிடித்த எழுத்துரு ஒன்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் சின்னதாக ஒரு பாதம். விளிம்பெல்லாம் அரித்து, நடுநடுவே மை ஒட்டாத வெள்ளைப் புள்ளிகளோடு, அந்தக் காலத்து அச்சு போலவே இருக்கும். கம்ப்யூட்டரில் யாரோ மெனக்கெட்டு அப்படித் தேய்த்திருக்கிறார்கள். அப்பாவிடம் காட்டினேன். ஸ்டீல் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அசதியில், "நீ சொன்னா சரிதாம்மா" என்றார்.

முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது சம்பந்தி வீட்டுக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு நானும் அப்பாவும் ரயில் மாறி செவ்வாப்பேட்டை போனோம். அவர்கள் வீட்டு கேட்டில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் கறுப்பு எனாமலில் பளபளத்தது. அவர் இறந்து பல வருஷமாகிறது. இவ்வளவு கொட்டையாகவா எழுதுவார்கள், கொஞ்சமும் ரசனை இல்லையே என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தார். கணவர் பெயர் இருந்த இடத்தில் விரல் நின்றது. புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, மை பத்தலையா? இவரு பேரு அழிஞ்சிபோன மாதிரி கீதே."

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேணும்னே பண்ணதுதான் அத்தை. பழசு மாதிரி தெரியணும்ல, அதான் ஸ்டைலே."

"வேணும்னேவா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வருசா வருசம் பொங்கலுக்கு நானே கேட்டுல அவரு பேர புதுசா எழுதிக்கினு கீறேன்மா. மங்கிடக் கூடாதுன்னு" என்றார்.

எனக்குத் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"சின்னப் பொண்ணு, அதுக்கு ஒண்ணும் தெரியாது சம்பந்திம்மா. மிஷின் கோளாறு. வேற அடிச்சிக்கினு வந்து தரோம்" என்றார் அப்பா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

திரும்பும்போது ரயிலில் அவர் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. கேட்டில் இருந்த எழுத்தைப் பார்த்து இளித்துக்கொண்டு போன என் மூஞ்சியை நினைக்க நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

பிரஸ்காரரின் கொழுத்த எழுத்திலேயே மறுபடி அடித்து, மறுபடி மஞ்சள் தடவி, அதே தட்டோடு போனோம். மாப்பிள்ளையின் அம்மா கணவர் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். முகம் தெளிந்தது. பிறகு அப்பாவிடம்தான் கேட்டார். பார்வை மட்டும் என்மேல் இருந்தது.

"மிஷின் சரியாயிடுச்சா அண்ணே?"

"ஆயிடுச்சும்மா" என்றார் அப்பா.

நான் தலையைத் தூக்காமல், சரியாகவே இருந்த வெற்றிலையை மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன்.